ரீமாஸ்டரா, ரீடக்ஸா?

கேள்வி: அமெரிக்க ராக் குழுவான பேர்ல் ஜாமின் 'டென்' ஆல்பம் வாங்கத் தேடினேன். ஒன்றில் ரீமாஸ்டர் என்கிறார்கள், இன்னொன்றில் ரீடக்ஸ் என்று இருக்கிறது. பெரிய பெட்டி ஒன்றின் விலையைப் பார்த்து மூடிவிட்டேன். எதை வாங்கலாம் சார்? வினைல் இசைத்தட்டு எடுத்தால் நல்லதா?

பதில்: முதலில் அந்த இரண்டு சொற்கள். ரீமாஸ்டர் என்பது கலந்து முடித்த பதிவின் ஒலியை மட்டும் சீராக்குவது; ஆக்கி இறக்கிய குழம்பைச் சூடுபண்ணி உப்புச் சரிபார்ப்பதுபோல. ரீடக்ஸ் அப்படியில்லை, அது ரீமிக்ஸ். கிடார், டிரம்ஸ், குரல் எல்லாம் தனித்தனியாக இருக்கும் பழைய நாடாக்களை எடுத்து, குழம்பையே புதிதாகக் கூட்டுவது.

'டென்' 1991 ஆகஸ்டில் வந்தது. பதிவு சியாட்டில் பக்கம். மிக்சிங், அதாவது பதிந்த ஒலிகளைக் கூட்டுவது, இங்கிலாந்தில், டிம் பால்மர் கையால். அந்த மிக்சிங் ஸ்டுடியோ ஊரைவிட்டுத் தள்ளி இருந்ததால், தாள வாத்தியத்துக்குப் பதில் மிளகுத்தூள் குப்பியையும் தீயணைப்பு சிலிண்டரையும் தட்டி ஒரு பாடலில் சேர்த்திருக்கிறார்! பால்மரின் மிக்சில் எதிரொலி அதிகம். பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும். குழுவினருக்கே அதில் பின்னாளில் மனக்குறை. அதனால் 2009 மறுவெளியீட்டுக்காக பிரெண்டன் ஓபிரையன் எதிரொலியைக் குறைத்து ரீமிக்ஸ் செய்தார். அதுதான் ரீடக்ஸ். குரல் பக்கத்தில் வந்துவிடும், கிடார் பிரிந்து கேட்கும். ஆனால் என்னைக் கேட்டால், அந்த மண்டபம் போனதோடு பாட்டின் பிரம்மாண்டமும் கொஞ்சம் போய்விட்டது. முதல்முறை கேட்பவர் பழைய மிக்சில்தான் தொடங்க வேண்டும்.

நல்லவேளையாக, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் இல்லை. 2009-இல் வந்த 'லெகசி' பதிப்பில் இரண்டு சிடி: ஒன்றில் பழைய மிக்சின் ரீமாஸ்டர், மற்றதில் ரீடக்சும் கூடுதலாக ஆறு பாட்டும். உங்களுக்கு இது போதும். 'டீலக்ஸ்' என்றால் இதோடு 1992 எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியின் டிவிடி வரும். டிவிடி ஓட்ட வீட்டில் எதுவும் இல்லையென்றால் அந்தக் காசு வீண்.

பெரிய பெட்டியில் நான்கு வினைல் தட்டு, டெமோ காசெட்டின் நகல், நோட்டுப்புத்தகம் எல்லாம் உண்டு. சேகரிப்பவர்களுக்கான சரக்கு. நீங்கள் மூடியது சரிதான்.

வினைல் விஷயத்தில் ஒன்று. ஆல்பம் சுமார் 53 நிமிடம். ஒரே தட்டில் அடக்கினால் பக்கத்துக்கு 26 நிமிடத்துக்கு மேல் போகும். பக்கத்துக்கு 20, 22 நிமிடம் என்றால் வசதி. அதைத் தாண்டினால் தட்டில் ஊசி ஓடும் வரிகளை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவு இறங்கும். வினைல்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் சிடியைவிடத் துல்லியம் என்ற நினைப்பில் வேண்டாம்.

அப்புறம், பழைய லெகசி சிடி வாங்குவதானால் இரண்டு தட்டையும் வெளியே எடுத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நான் ஒருமுறை இரட்டை சிடி ஒன்று வாங்கித் திறந்தால், உள்ளே முதல் தட்டே இரண்டு தடவை இருந்தது.