பராமரிப்பு நின்றுபோன திறந்த மூலக் கருவியை நம்பி வாடிக்கையாளருக்கு மென்பொருள் செய்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் கருவிக்கு எத்தனை வயது என்பதைவிட, அதற்குள் யார் எழுதிய எழுத்து போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கிழக்கு இலங்கையில் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி மில்களுக்கும் கடைகளுக்கும் பில் மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். பில்லை முதலில் எச்டிஎம்எல் (இணையப் பக்கம் எழுதும் மொழி) பக்கமாக எழுதி, அதைப் பிடிஎஃப் ஆக்க நான் வைத்திருப்பது டபிள்யூகே எச்டிஎம்எல் டு பிடிஎஃப் (wkhtmltopdf) என்ற கருவி. அதன் கடைசிப் பதிப்பு 0.12.6 வந்தது 2020இல். 2023 ஜனவரியில் அதன் நிரல் இருக்கும் இணையக் களஞ்சியத்தையே, படிக்க மட்டும் முடிகிற மாதிரி மூடிவிட்டார்கள். உள்ளே பக்கத்தை வரைவதோ கியூடி 4 என்ற பழைய நூலகத்தின் காலத்து வெப்கிட் பிரவுசர் இயந்திரம். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் புதிய சிஎஸ்எஸ் கிரிட் எல்லாம் அதற்குத் தெரியாது.

இருந்தும் மில்லில் அதை நான் மாற்றவில்லை. நெல் மூடைக் கணக்கைத் தட்டுவது மில் கிளார்க், வார்ப்புரு என்னுடையது, கணினிக்கு இணையமே இல்லை. பெரும்போக அறுவடை நேரத்தில் லொறிகள் வரிசையில் நிற்கும்போது ஓடுகிற பில்லைக் கழற்றிப் பார்க்க எனக்கு ஆசையும் இல்லை.

அதே கருவியை இணைய ஓர்டர் பக்கத்தில் வைத்தால் கதை வேறு. பெயர் கேட்கும் இடத்தில் ஒருவன் எச்டிஎம்எல் எழுதி, நீங்கள் அதை வடிகட்டாமல் அனுப்பினால், உங்கள் சர்வரே அவன் சொன்ன, வெளியார் எட்ட முடியாத உள்வலையமைப்பு முகவரிக்குப் போய் அங்கே இருப்பதைப் பில்லில் அச்சிட்டுக் கொடுக்கும். சர்வரில் உள்ள கோப்புகளைப் படிப்பதை 0.12.6 இயல்பாகவே தடுக்கிறது. ஆனால் லோகோ படம் தெரியவில்லை என்று அந்தத் தடையை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. எடுத்துவிட்டுப் படம் வந்ததும் சந்தோஷப்படுவார்கள்!

சரி, பராமரிப்பு நடக்கிற கருவி என்றால் பயமில்லையா? எக்ஸ்இசட் (xz) என்ற கோப்புச் சுருக்கும் கருவிக்குப் புதுப் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. களைத்துப்போன ஒரே ஒரு பராமரிப்பாளருக்கு உதவ வந்தவர்போல நுழைந்தவர்தான் பின்கதவு வைத்தார். 2024இல் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஒருவரால் அது பிடிபட்டது. அதனால் கடைசிப் பதிப்பின் தேதியை மட்டும் பார்த்து நான் முடிவெடுப்பதில்லை.

எதை வைத்திருந்தாலும் அதை அழைக்கும் நிரல் வரிகளை ஒரே கோப்பில் அடக்கிவிடுங்கள், பிறகு கருவியை மாற்றுவது சுலபம். புதிய வேலைகளுக்கு நான் எடுப்பது இதே வேலையைச் செய்யும் வீஸிபிரிண்ட் (WeasyPrint). ஜாவாஸ்கிரிப்ட் அதில் ஓடாது, அதனால் பார்கோடை சர்வரிலேயே வரைய வேண்டும். விண்டோஸில் எழுத்துகளை அடுக்கும் பாங்கோ நூலகத்தைத் தனியாக நிறுவுவது மட்டும் கொஞ்சம் தலையிடி.