தேர்தல் பிரசாரக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுப் பார்சலுக்கும்தான் போகிறார்களா?

கேட்டவர் கோபிக்கக் கூடாது, இந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. "பெரிய பிரசாரக் கூட்டங்களுக்குப் போகிற சனம் உண்மையில் பேச்சைக் கேட்கவா போகிறது, இல்லை பஸ்ஸுக்கும் பார்சலுக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலிருந்து எடுத்த படத்தில் மட்டும் கூட்டத்தைப் பார்த்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன். அதில் தலைகள்தான் தெரியும். அந்தத் தலைகளில் ஒன்று என் அம்மாவுடையது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை. எந்தக் கட்சியின் கூட்டம் என்று கீழே வந்து கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு வருகிறவர்களே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். உணவு கொடுத்து வாக்குச் சேர்ப்பது தேர்தல் சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். ஆனால் ஒரு பெண் பார்சலை வாங்கினாள் என்பதால் அவள் பார்சலுக்காக வந்தாள் என்று முடிவு கட்டுவது அநியாயம். கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்களைப் பார்த்து, சோற்றுக்கு வந்தவர்கள் என்று சொல்வீர்களா?

எங்கள் ஊர் சம்பூர், இலங்கையின் கிழக்கில் திருகோணமலை நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கே கரையில் நின்றால் இரவில் திருகோணமலை நகரத்து விளக்குகள் தெரியும். தரை வழியாக வருவதென்றால் கொட்டியாரக் குடாவைச் சுற்றி மூதூர், இறால்குழி, கங்கைப் பாலம், கிண்ணியா என்று வர வேண்டும். பாலங்கள் வருவதற்கு முன் மூதூரிலிருந்து லோஞ்ச் படகில்தான் வந்து போனோம். 2006இல் போரில் ஷெல் விழத் தொடங்கியபோது உடுத்த உடுப்போடு ஓடினோம். வெருகல், வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். எங்கள் நிலம் வேலிக்குள் போனது. அனல்மின் நிலையம் வருகிறது என்றார்கள். 2016இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்தக் காலத்தில் வீட்டு வளவு திரும்பக் கிடைத்தது. அப்பா பயிர் செய்த மேட்டுக் காணி மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. காணி உறுதி, அதாவது பத்திரம், அம்மாவின் கையில் இருக்கிறது. நான் திருமணம் செய்து நகரத்துக்கு வந்து, கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிற வழியில் ஒரு சிறிய போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கிறேன். மனு, விண்ணப்பம், சத்தியக் கடதாசி எல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பேன். அதற்கு முன் கந்தளாயில் ஓர் அச்சகத்தில் ஆறு வருடம் வேலை செய்ததால் சிங்களம் நன்றாக வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கதைக்கு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். போட்டியில் 38 பேர். எங்கள் தமிழ்த் தலைவர் சம்பந்தன் ஐயா ஜூன் 30இல் காலமாகி மூன்று மாதம் கூட ஆகவில்லை. 1977இலிருந்து இந்த ஊரில் தேர்தல் என்றால் அவருடைய பேச்சைக் கேட்டு வளர்ந்த சனம், இனி யாரிடம் போய்க் கேட்பது என்று திகைத்து நின்ற நேரம் அது. மாதத் தொடக்கத்தில் பெரிய கட்சி ஒன்று நகரத்தில் கூட்டம் வைத்தது. அமைப்பாளரின் ஆட்கள் சம்பூருக்கு இரண்டு பஸ் அனுப்பினார்கள். முதல் நாள் அம்மா தொலைபேசியில், "பிள்ளை, காணி மனுவைத் திருப்பி அடித்து வை, சிங்களத்திலும் ஒன்று போடு" என்றார். பார்சலுக்காகப் போகிறவர் இரண்டு மொழியில் மனு கொண்டுபோவாரா?

பஸ் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. கூட்டம் மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பிரதான பேச்சாளர் வந்தது ஆறேகாலுக்கு. அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக் கதிரைகள் வெயிலில் காய்ந்து, உட்கார்ந்தால் சேலையைத் தாண்டிச் சுட்டது. பந்தல் மேடைக்கு மட்டும்தான். பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. நன்றாகக் கேளுங்கள், ஆயிரக்கணக்கான பெண்களை ஊர் ஊராக ஏற்றி வந்தவர்களுக்கு அந்த எண்ணம் வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வருத்தம். நான் அவரையும் இன்னும் மூன்று பேரையும் தெரிந்த வீடு ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். தெரிந்த வீடு இல்லாதவர்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்கள். நீங்கள் ஒரு கூட்டத்துக்குப் போவதாக இருந்தால், குறிப்பாக வயதானவர்களோடு, முதலில் இதற்கு ஒரு வழி பார்த்து வையுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்காராதீர்கள், இரண்டு நாளைக்குக் காது இரையும்.

பார்சலும் வந்தது. சோறு, பருப்பு, ஒரு துண்டு பொரித்த மீன், சம்பல். அம்மா பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைச் சுற்றி வைத்தார். மடியில் மஞ்சள் பைல், அதற்குள் உறுதியின் பிரதியும் இரண்டு மனுவும். காற்றுக்கு அது பறக்காமல் இருக்க இரண்டு கையையும் அதன் மேலே வைத்திருந்தார். சாப்பிடும்போது மட்டும் என்னிடம் தந்தார்.

பேச்சாளர் சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். விலைவாசி, மின்சாரக் கட்டணம், உரம், மீனவர்களுக்கு எரிபொருள் என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு காணி விடயம் வந்தது. அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். பேச்சாளர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் கேட்டேன். கிழக்கில் காணிப் பிரச்சினை இருப்பது தெரியும், எல்லாத் தரப்பினரோடும் பேச வேண்டும், ஆட்சிக்கு வந்தால் "ஹொயலா பலனவா" என்றார். ஆராய்ந்து பார்ப்போம் என்பதுதான் அதன் பொருள். அவ்வளவுதான் சொன்னார். தமிழில் சொன்னவர் ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "உங்கள் காணியில் ஓர் அங்குலமும் விடாமல் உங்களிடமே திருப்பித் தரப்படும்!" என்று முழங்கினார்.

மைதானமே எழுந்து கைதட்டியது. அம்மா பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். என் கை எழவில்லை. அந்த இரைச்சலுக்குள், அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? பேச்சாளருக்குத் தான் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்பது தெரியாது. சனத்துக்குத் தாம் என்ன வாங்கினோம் என்பது தெரியாது. நடுவில் நின்ற ஒருவர் கைதட்டலுக்காக எங்கள் பதினெட்டு வருடத்தை எடுத்து விளையாடிவிட்டுப் போனார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் கடைக்கும் தினம் யாராவது சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கொண்டுவந்து "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். 1987இலேயே தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியும் இதுதான் நிலைமை. ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ நான் சொன்னால் அவர்கள் மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிடுவார்கள். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்கிறேன். மேடையில் நிற்பவருக்கு அந்தப் பயம் வேண்டாமா?

மனுவை அமைப்பாளரின் கூட வந்த தம்பி ஒருவர் வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்றுவரை பதில் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சனம் கலைந்த பிறகு மான்கள் வந்தன. திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், கோட்டைக்குள் மட்டுமல்ல, கடற்கரையிலும் தெருவிலும் புள்ளிமான்கள் நடந்து திரியும். ஒரு பெண் மான் கதிரைகளுக்கு நடுவே வந்து, பார்சல் கட்டிய, சோறு ஒட்டிய பொலித்தீன் தாளை (லஞ்ச் சீட்டை) அப்படியே மென்றது. நான் பிடித்து இழுத்தேன், பாதிதான் என் கையில் வந்தது. மீதி அதன் வயிற்றுக்குள். பொலித்தீன் தின்று இந்த மான்கள் செத்துப்போகின்றன என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பொலித்தீன் லஞ்ச் சீட்டை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தார்கள். நாட்டை ஆளப்போகிறோம் என்று கூட்டம் வைக்கிறவர்கள், நாட்டின் தடையையாவது மதித்து வாழையிலையில் கட்டிக் கொடுத்திருக்கலாம். எல்லாக் கட்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று நானும் அம்மாவோடு ஊருக்குப் போனேன். பஸ்ஸில் எல்லார் முகத்திலும் சந்தோசம். கிண்ணியா தாண்டும் வரை பொறுத்திருந்தேன், முடியவில்லை. "அம்மா, அவர் தருவோம் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னார்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவர் சொன்னால் மட்டும் நாளைக்கே வேலியைப் பிடுங்கிவிடுவார்களா பிள்ளை? காணி என்ற சொல்லுக்கு இந்தச் சனம் எப்படி எழும்பியது என்று அவர் பார்த்தார்தானே. அதைக் காட்டத்தான் போனேன்" என்றார்.

1956 ஆகஸ்ட்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு வைத்தபோது ஊர் ஊராகச் சனம் நடந்தே வந்தது. அவர்களும் வழியில் யாரோ கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுத்தான் வந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அதற்கு முன்பும் ஒரு கூட்டம், மறுபடியும் பஸ், மறுபடியும் அம்மா. இந்த முறை பின்வரிசையில், ஒலிபெருக்கிக்குத் தூரமாக இடம் பிடித்தோம். அம்மா பஸ்ஸில் எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும். சிங்களப் பேச்சு தொடங்கியதும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னைச் சுற்றிப் போட்டார்கள். "சொல்லு பிள்ளை" என்றார் ஒரு மாமி. நான் குனிந்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டு வந்தேன். காணி என்ற சொல் வந்தது. மேடையில் தமிழில் சொன்னவரின் குரல் உயர்ந்தது, முன்வரிசைகளில் கைதட்டல் எழுந்தது. எங்கள் வட்டத்தில் யாரும் தட்டவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.