வெண்புள்ளிக்கு டேனிங் மாத்திரை: உள்ளங்கை ஆரஞ்சானால் மருந்து பிடிக்கிறதா?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. கைவிரல்களிலும் உதட்டோரத்திலும் மூன்று வருடமாக வெண்புள்ளி இருக்கிறது. ஆவணியில் கல்யாணம். பியூட்டி பார்லரில் ‘வெளிநாட்டு டேனிங் மாத்திரை, தோலைப் பழுப்பாக்கும், புள்ளியெல்லாம் நிறம் சேர்ந்துவிடும்’ என்று ஒரு டப்பா கொடுத்தார்கள். ஒரு மாத்திரை 30 மில்லிகிராம். தினம் இரண்டு வீதம் மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டாள். உள்ளங்கை ஆரஞ்சாகிவிட்டது. கேட்டால், ‘மருந்து பிடிக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் இரண்டு டப்பா வாங்குங்கள்’ என்கிறார்கள். வாங்கலாமா? டப்பாவின் படத்தை இணைத்திருக்கிறேன்.
– ஒரு தாய், கொளத்தூர், சென்னை

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. இருப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும்.

படத்தில் கான்தாக்சாந்தின் என்று அச்சடித்திருக்கிறது. அது மருந்து இல்லை, சாயம். கோழித் தீவனத்தில் கலந்தால் முட்டையின் மஞ்சள் கரு பளிச்சென்று வரும், அதற்கு உதவுகிற பொருள். நம் தோலின் மாநிறம் மெலனினால் வருவது. அதைத் தயாரிக்கும் செல்கள் அழிந்த இடம்தான் வெண்புள்ளி. இந்த மாத்திரை ஒரு துளி மெலனினைக்கூட உண்டாக்காது. கொழுப்பில் கரைந்து, தோலுக்கு அடியில் படிந்து, உடம்பு முழுக்கச் சாயம் ஏற்றும். சாம்பாரில் முருங்கைக்காய்க்கு மட்டும் என்று மஞ்சள்தூள் போட முடியுமா? புள்ளியும் ஆரஞ்சாகும், பக்கத்துத் தோலிலும் அதே ஆரஞ்சு ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். உள்ளங்கையில் தெரிவது சாயம் சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம், குணத்துக்கு அல்ல. மலமும் செங்கல் நிறத்தில் போயிருக்கலாம், பயப்பட வேண்டாம்.

அளவைப் பாருங்கள். உணவு நிறமியாக இது ஒரு நாளைக்கு எவ்வளவு உடம்பில் சேரலாம் என்பதற்கு உலக அளவில் நிபுணர் குழு வைத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். உங்கள் மகள் 55 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1.65 மில்லிகிராம். அவள் சாப்பிட்டது 60. கிட்டத்தட்ட 36 மடங்கு!

இது கண்ணையும் விடாது. விழித்திரையின் நடுப்பகுதியைச் சுற்றிப் பொன் தூள் தூவியதுபோல மஞ்சள் படிகங்கள் சேரலாம். பெரும்பாலும் பார்வை போகாது, நிறுத்தினால் கரையும், ஆனால் கரைய வருடங்கள் ஆகும். ஈரலில் அழற்சி வந்தவர்கள் உண்டு. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதையே நிறுத்தி, டேனிங் மாத்திரை சாப்பிட்ட ஓர் இளம்பெண் இறந்ததாக அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 1990இல் செய்தி வந்தது. மூன்று வாரத்தில் இதெல்லாம் வருவது அபூர்வம், உங்களை மிரட்டச் சொல்லவில்லை. இருந்தாலும் ரத்த அணுக்கள், ஈரல் பரிசோதனை இரண்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் விழித்திரையைப் பார்த்துக்கொள்ளலாம். காரணமில்லாமல் காய்ச்சல், உடம்பில் கன்றிப்போன அடையாளங்கள், கண் மஞ்சளாவது என்று எது தெரிந்தாலும் நாள் கடத்தாதீர்கள்.

அந்த டப்பாவில் 14 இலக்க எண் ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா? அதைக் காட்டித்தான் ‘கவர்மென்ட் அப்ரூவல்’ என்று விற்கிறார்கள். அது உணவுப் பொருள் வியாபாரம் செய்ய வாங்கும் உரிமத்தின் எண். வெண்புள்ளியைக் குணப்படுத்தும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று இல்லை. 1954ஆம் வருடத்து மாய நிவாரணிகள் விளம்பரத் தடைச் சட்டம் வெண்புள்ளியைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது. குணப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்வதே குற்றம். ஆனால் மின்சார ரயிலில் ஏறினால் தலைக்கு மேலே அதே நோட்டீஸ்! போன வருடம் இப்படி ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு நானே புகார் கொடுக்கப் போனேன். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ‘இது உணவு, எங்களுடையது இல்லை டாக்டர்’ என்றார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ‘நோய்க்கு என்று விற்றால் அது மருந்து, அங்கேதான் போகணும்’ என்றார்கள். மூன்று முறை அலைந்தேன். அதற்குள் அந்த விற்பனையாளர் டப்பாவின் பெயரையே மாற்றிவிட்டார். கமிஷனுக்காக விற்கும் கடைச் சரக்கை உங்கள் மகள் வயிற்றில் போடாதீர்கள்.

அப்படியானால் தோலுக்கு உண்மையிலேயே நிறம் கொடுக்கும் மாத்திரையே இல்லையா? ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பெயரைச் சொல்லித்தான் இவர்கள் இதை விற்கிறார்கள். சோராலென். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசி விதையில் இருக்கிற சத்தும் இந்தக் குடும்பம்தான். சோராலென் மாத்திரையைத் தோல் டாக்டர் எழுதித்தர வேண்டும். சும்மா சாப்பிட்டால் நிறம் வராது. சாப்பாட்டோடு மாத்திரை, சுமார் இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் சொன்ன நிமிடக் கணக்கில் வெயில் அல்லது புற ஊதா விளக்கு. அன்று முழுக்க அதற்கென்று உள்ள கறுப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், வீட்டுக்குள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாலும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. என்னிடம் வந்த ஒரு வியாசர்பாடி இளைஞர், நண்பர் கொடுத்த சோராலெனைப் போட்டுக்கொண்டு மத்தியானம் பைக்கில் செங்குன்றம் வரை போய்வந்தார். மறுநாள் சட்டைக் கை முடியும் இடத்திலிருந்து விரல் வரை கோடு போட்டதுபோலக் கொப்புளம். வாட்ச் கட்டியிருந்த இடம் மட்டும் தப்பியிருந்தது. இன்னொன்று: புது நிறம் முடிக்கால்களில் மிச்சமிருக்கும் செல்களிலிருந்துதான் கிளம்பி வரும். விரல் நுனியிலும் உதட்டிலும் முடியில்லை. அதனால் உங்கள் மகளுக்கு இதனாலும் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. இருக்கிற பலனும் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆவணிக்குள் நடக்காது.

சரி, கல்யாணத்துக்கு என்ன செய்வது? மேலே பூசுகிற வழி இருக்கிறது. டைஹைட்ராக்ஸி அசிட்டோன் கலந்த லோஷன் தோலின் செத்த மேலடுக்கை மட்டும் பழுப்பாக்கும், சில நாளில் தானாக உதிர்ந்து போய்விடும். விரல்களுக்கு அதைப் பூசலாம். உதட்டுக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் வேண்டாம், அங்கே புள்ளியை மறைப்பதற்கென்றே வரும் மேக்கப் க்ரீம் போதும். ஒரு தோல் டாக்டரிடம் காட்டி, மகளின் நிறத்துக்கு எத்தனை தடவை பூசினால் ஒத்துவருகிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். நலங்குக்கு முந்தின ராத்திரி முதல் தடவையாகப் பூசிப் பார்க்காதீர்கள், நிறம் ஏற ஐந்தாறு மணி நேரம் ஆகும், கூடிப்போனால் கழுவினாலும் போகாது.