சிரித்தது தப்பா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன வாரம் 'ஐ ஸ்வேர்' பார்த்தேன். டூரெட் நோய்க்குறியோடு வாழும் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் டேவிட்சனின் வாழ்க்கையை வைத்து கிர்க் ஜோன்ஸ் எடுத்த படம். ஜானுக்கு அவர் நினைக்காமலேயே கை கால் வெட்டி இழுக்கும், வாயில் கெட்ட வார்த்தை வந்து விழும். பல இடங்களில் வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு ஒரே உறுத்தல். இன்னொருவர் படும் அவஸ்தையைப் பார்த்தா சிரித்தோம்?

அப்புறம் அந்த பாஃப்டா, அதாவது பிரிட்டிஷ் திரைப்பட விருது விழா விவகாரம். மேடையில் இரண்டு கறுப்பின நடிகர்கள் நிற்கும்போது அரங்கில் இருந்த ஜானின் வாயிலிருந்து இனவெறிச் சொல் ஒன்று வந்ததே, அது. "உள்ளே இல்லாதது எப்படி வெளியே வரும்?" என்று என் நண்பர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக, என் அக்கா மகனைப் பற்றி. எட்டு வயது. மூன்று நான்கு மாதங்களாகக் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுகிறான், தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான். படம் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அக்காவை இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லலாமா?

அன்புடன்,
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

உங்கள் நண்பரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் கேட்பதைத்தான் பலரும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள், வாய்விட்டுக் கேட்பதில்லை.

ஒரு சொல் நமக்குத் தெரியும் என்பதும், அதை நாம் நம்புகிறோம் என்பதும் வேறு வேறு. உலகத்தில் உள்ள அத்தனை வசைகளும் உங்களுக்கும் எனக்கும் தெரியும். எந்த இடத்தில் எதைச் சொல்லவே கூடாது என்பதும் தெரியும். நமக்கு அந்தத் தெரிதல் ஒரு தடுப்பாக வேலை செய்கிறது. ஜான் போன்றவர்களுக்கோ அதுவே தூண்டுதலாகிவிடுகிறது. இந்த இடத்தில் இதைச் சொன்னால் தொலைந்தோம் என்று தோன்றிய மாத்திரத்தில் அந்தச் சொல் தொண்டைக்கு வந்துவிடும். படத்தின் தொடக்கத்தையே பாருங்கள். 2019ல் டூரெட் பற்றிய விழிப்புணர்வுப் பணிக்காக ஜானுக்கு எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருது கொடுக்கிறார்கள். கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு, நடுங்கியபடி வாங்கப் போகிறார். அங்கே போய் அரசியையே திட்டிவிடுகிறார். அரசியை வெறுப்பவர் அந்த விருதுக்காக ஏன் இப்படித் தவிக்கவேண்டும்?

இது ஏதோ நாக்கின் கோளாறும் இல்லை. காது கேளாத, சைகை மொழி பேசும் டூரெட் நோயாளிகள் சிலருக்குக் கெட்ட வார்த்தைகள் கைவழியே சைகையாக வருவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் பேச்சையே இழந்த சிலருக்கு வசைச்சொல் மட்டும் தெளிவாக வருவதும் நரம்பியலில் பழைய செய்தி. வேண்டாத அசைவுகளை அடக்கிவைக்கும் மூளைச் சுற்றுகளில் ஏற்படும் பிசகு என்றுதான் இப்போது டூரெட்டை விளங்கிக்கொள்கிறார்கள். அங்கே மனதின் ரகசியக் கருத்தைத் தேடுவதில் பொருளில்லை.

ஆனால் ஒன்று. நண்பருக்குப் பதில் சொல்லும் வேகத்தில், மேடையில் நின்ற அந்த இரண்டு நடிகர்களையும் மறந்துவிடக் கூடாது. சொன்னவருக்கு நோக்கம் இல்லை என்பதால் கேட்டவருக்கு வலிக்காமல் போகாது. தலைமுறை தலைமுறையாக அடியோடு சேர்ந்து வந்த சொல் அது. இரண்டும் உண்மை, ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது. அப்படியானால் யாரைத்தான் கேட்பது என்றால், என் பதில்: யாருக்குத் தேர்வு இருந்ததோ அவரை. ஜானுக்கு அந்த நொடியில் தேர்வு இல்லை. நிகழ்ச்சியைச் சில மணி நேரம் கழித்து ஒளிபரப்பிய பிபிசிக்கு இருந்தது. அந்தச் சொல்லை வெட்டாமலே விட்டுவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அதே இரவில்தான் ஜானாக நடித்த ராபர்ட் அராமயோவுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. மறுநாள் அதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

படமும் இந்தத் தேர்வைப் பற்றியதுதான் என்று எனக்குப் படுகிறது. ஜானால் எதையும் நிறுத்த முடியாது, அவரைச் சுற்றி இருப்பவர்களால்தான் எதையாவது மாற்ற முடியும். 1980களின் காலாஷீல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு சிறிய ஊர். இந்த நோயின் பெயரே யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் பையன் வாயிலிருக்கும் உணவைத் துப்பிவிடுகிறான். உடனே அவனை எழுப்பி, கணப்படுப்பின் முன்னால் தட்டோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். துப்பினால் நெருப்பில் விழட்டும். அடியோ கூச்சலோ இல்லாத காட்சி. குடும்பத்துக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பையன் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். பள்ளியில் தலைமையாசிரியரிடம் அடி வாங்குவதைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

பிற்பாடு நண்பனின் அம்மா டாட்டி வருகிறார். மனநல செவிலியர். ஜான் ஒவ்வொரு தடவை திட்டிவிட்டும் "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று கெஞ்சும்போது, இந்த வீட்டில் அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். வைத்தியம் என்று பார்த்தால் அவர் எதுவுமே செய்யவில்லை. ஆனால் பதற்றம் கூடினால் டிக் (இப்படித் தன்னையறியாமல் வரும் அசைவும் சத்தமும்) கூடும், அடக்கு அடக்கு என்றால் இன்னும் கூடும். அந்தச் சுற்றை ஒரே வாக்கியத்தில் அறுத்துவிடுகிறார்.

சிரிப்புக்கு வருகிறேன். சமூகக் கூடத்தில் வேலை கேட்டுப்போன இடத்தில், டாமி என்ற பெரியவர் முன்னால், தேநீர் போடுவதைப் பற்றி ஜான் வாயிலிருந்து ஒன்று வருமே, இங்கே எழுத முடியாதது, அதற்கு நானும் சத்தம் போட்டுச் சிரித்தேன். அதில் நம்மைச் சிரிக்க வைப்பது ஜானின் நோயா? சொல்லக்கூடாத இடத்தில் சொல்லக்கூடாதது விழுந்ததும், டாமி கொஞ்சமும் அசராததும்தான். ஜானுக்கும் அது சிரிப்பாகத்தான் இருக்கிறது, சில சமயம் நமக்கு முன்பே. உடன் சிரிப்பதற்கு எதற்கு உறுத்தல்? தெருவில் அதே ஜானை அடித்துப் போடும் இடத்தில் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள். அந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

எனக்குக் குறையாகப் பட்டது ஜானின் அம்மா. ஷெர்லி ஹெண்டர்சன் நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் திரைக்கதை அவரை அந்தக் கணப்படுப்போடு விட்டுவிட்டு டாட்டியிடம் ஓடிவிடுகிறது. பெயர் தெரியாத ஒரு நோயோடு இரவும் பகலும் மல்லுக்கட்டிய ஒருத்திக்கு இன்னும் நான்கு காட்சியாவது கொடுத்திருக்கலாம். நல்ல அம்மா, கெட்ட அம்மா என்று பிரிப்பது படத்துக்கு வசதி.

இன்னொரு விஷயமும் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை என்பது தப்பு. பத்துப் பேரில் ஒருவருக்கோ, அதற்குக் கொஞ்சம் கூடவோதான் அது வரும். மற்றவர்களுக்குக் கண் சிமிட்டல், தோள் குலுக்கல், செருமல், ஏதாவது ஒரு சத்தம். அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹனின் கதையைத் தழுவி இந்தியில் வந்த 'ஹிச்கி'யில் ராணி முகர்ஜிக்கு வருவது அந்த மாதிரிதான். ஆனால் முதலிலிருந்தே உலகம் கவனித்தது வசையைத்தான். 1825ல் இதார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியது, பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஆபாசமாகக் கத்திய ஒரு பிரபுகுலப் பெண்ணைப் பற்றி. 1885ல், இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளை வைத்துக் கட்டுரை எழுதியபோது அதிலும் அந்தப் பெண் வருகிறார். ஜானைப் பற்றி பிபிசி 1989ல் ஆவணப்படம் எடுத்தபோதும் ஊர் பேசியது அவர் வாயைப் பற்றித்தான்.

இனி அக்கா மகன். நான் மருத்துவன் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். சின்ன வயதில் இப்படிச் சிமிட்டுவதும் செருமுவதும் நிறையப் பிள்ளைகளுக்கு வரும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். டூரெட் என்று சொல்ல, பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஒரு குரல் டிக்கும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கவேண்டும். மூன்று நான்கு மாதத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அப்படியே இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், அதற்குப்பின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஜானுடையது மிகக் கடுமையான வகை, அதை வைத்துப் பையனைப் பார்க்காதீர்கள்.

முதல் காரியம், வீட்டில் யாரும் "சிமிட்டாதே" என்று சொல்ல வேண்டாம். கண்ணை இமைக்காமல் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள், அவனுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியும். அடக்கத்தான் முடியும், ரொம்ப நேரம் முடியாது. பள்ளியில் நாளெல்லாம் அடக்கிவைத்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் மொத்தமாகக் கொட்டுவார்கள். அதை அடம் என்று நினைத்துவிடக் கூடாது. வலிக்கிறது என்றாலோ, படிப்பு தூக்கம் கெடுகிறது என்றாலோ, குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். டிக் வரப்போகும் உணர்வை முன்கூட்டியே அறிந்து வேறொரு அசைவால் ஈடுகட்டப் பழக்கும் பயிற்சி முறைகள் இருக்கின்றன. எடுத்த எடுப்பில் மாத்திரைதான் என்றில்லை.

அக்கா படத்தைத் தாராளமாகப் பார்க்கட்டும், பையனைத் தூங்க வைத்துவிட்டு. சிறுவன் ஜான் உயிரை விடத் துணியும் கட்டம் ஒன்று இருக்கிறது. எட்டு வயதுக்கு அது வேண்டாம்.