நகை போட்டாச்சு என்றால் பங்கு போய்விடுமா?

கேள்வி: தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வாப்பா போன வருடம் மௌத்தானார். உம்மா, இரண்டு காக்காமார் (அண்ணன்மார்), நான். வீடு நிற்கும் 40 சென்ட் விளை (தோட்டம்) வாப்பா பெயரில் இருக்கிறது. "கல்யாணத்துக்கே உனக்கு நகை போட்டாச்சு, பங்கு கிடையாது. ஜமாஅத்தில் (பள்ளிவாசல் நிர்வாகத்தில்) பேசி முடிப்போம், கையெழுத்துப் போடு" என்கிறார்கள். ஷரீஅத்தில் எனக்குப் பங்கு இல்லையா? கோர்ட்டுக்குப் போனால் வேறு சட்டமா?

பதில்: பங்கு உண்டு, சகோதரி. அதைத் தருவதே ஷரீஅத்துதான். குர்ஆனின் அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் மகளுக்கும் மனைவிக்கும் பங்கை வரையறுத்திருக்கின்றன. வாப்பாவின் பெற்றோர் உயிருடன் இல்லை என்று வைத்துக்கொண்டால், உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 சென்ட். மீதி 35 சென்டில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் காக்காமாருக்கு 14 சென்ட் வீதம், உங்களுக்கு 7 சென்ட். அடக்கச் செலவு, கடன், உம்மாவுக்குக் கொடுக்காமல் நின்ற மஹர் (மணக்கொடை) ஆகியவற்றைக் கழித்த பிறகுதான் இந்தப் பங்கீடு. மஹரும் கடன்தான், பல வீடுகளில் இதை யாரும் பேசுவதேயில்லை.

வாப்பா தன் ஆயுளில் போட்ட நகை உங்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு. அதை வாரிசுப் பங்கில் கழிக்கும் வழி இஸ்லாமியச் சட்டத்தில் இல்லை. "நகை போட்டாச்சு" என்பது ஊர் வழக்கம். பெண்களின் உரிமையைப் பறிக்கும் இப்படிப்பட்ட வழக்கங்களைத் தள்ளிவைக்கத்தான் 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. வாரிசுரிமையில் வழக்கம் எப்படி இருந்தாலும் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே பொருந்தும் என்கிறது அதன் 2ஆம் பிரிவு. ஆகவே நீதிமன்றமும் இந்தப் பங்கையே தரும். குற்றவியல், ஒப்பந்தம் போன்றவற்றில் எல்லாருக்கும் பொதுச் சட்டம். வாரிசுரிமை, நிக்காஹ், வக்ஃப் போன்றவற்றில்தான் ஷரீஅத் நுழைகிறது. மார்க்கத்தைச் சொல்லிக்கொண்டே மார்க்கம் தந்த பங்கை மறுப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஜமாஅத் சமரசம் பேசலாம், அதில் நன்மையும் உண்டு. ஆனால் ஃபத்வாவுக்குச் (மார்க்க அறிஞர் சொல்லும் தீர்ப்புக்குச்) சட்ட பலம் இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் சம்மதிக்காத முடிவு உங்களைக் கட்டாது.

கையெழுத்து விஷயத்தில்தான் கவனம் வேண்டும். வாப்பா மௌத்தான நொடியிலேயே பங்கு உங்களுடையதாகிவிட்டது. காக்காமார் விற்றாலும் அவர்கள் பங்கைத்தான் விற்க முடியும். ஆனால் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்துவிட்டால், திருப்பி வாங்குவது பெரும்பாடு. வாப்பா இருந்தபோதே பணம் வாங்கிக்கொண்டு "பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்; அது வழக்கைப் பாதிக்கலாம். வாப்பா தங்களுக்கு ஹிபா (ஆயுளிலேயே தரும் அன்பளிப்பு) கொடுத்ததாகக் காக்காமார் சொன்னால், கொடுத்தது, ஏற்றது, அனுபவத்தை ஒப்படைத்தது ஆகிய மூன்றுக்கும் ஆதாரம் கேளுங்கள்.

முதலில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அதில் உங்கள் பெயரும் உம்மா பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். பேச்சில் தீர்ந்தால் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தீராவிட்டால் பாகப்பிரிவினை வழக்குதான். செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்: வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.