வாசகர் கேள்வி பதில்: தீமை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஏசாயா 45:7-ல் “தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே” என்கிறார் கர்த்தர். யாக்கோபு 1:13-லோ “ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல” என்று இருக்கிறது. தீமை தேவனிடமிருந்து வருகிறதா, இல்லையா?

பதில்: இரண்டு வசனங்களும் ஒரே தீமையைப் பற்றிப் பேசவில்லை. ஏசாயா 45-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். அது பெர்சிய ராஜாவான கோரேசுக்குச் சொல்லப்பட்டது. ராஜ்யங்கள் விழுவதும் எழுவதும்தான் அங்கே பேச்சு. ஏழாம் வசனத்தில் தீங்குக்கு எதிராக நிற்பது சமாதானம். ஆகவே அங்கே சொல்லப்படும் தீங்கு போர், நாசம், வீழ்ச்சி. அதுவும் என் ஆளுகைக்கு வெளியே நடப்பதல்ல என்கிறார் கர்த்தர். ஆமோஸ் 3:6-ம் இதே தொனிதான். ஒளிக்கு ஒரு தேவன், இருளுக்கு இன்னொரு தேவன் என்று பங்கு பிரிக்க இங்கே இடமில்லை.

யாக்கோபு பேசுவது பாவத்துக்கு இழுக்கும் சோதனையை. அதற்கு அவர் காட்டும் பிறப்பிடம் மனிதனின் சுய இச்சை (1:14). நன்மையான எந்த ஈவும் பரத்திலிருந்து இறங்கிவருகிறது என்று 17-ஆம் வசனத்தில் சொல்பவர், பாவத்துக்கு அப்படியொரு மேலிடத்தைக் காட்டவே இல்லை. “தேவன் ஆபிரகாமைச் சோதித்தாரே?” என்று அடுத்த கேள்வி வரும். அது விசுவாசத்தைப் புடமிடும் சோதனை; அதையும் யாக்கோபு அதே அதிகாரத்தில் 2 முதல் 4 வரை தனியாகச் சொல்லிவிடுகிறார்.

நாசம், பாவச்சோதனை இரண்டும் ஒரே சம்பவத்தில் கலந்து வரும்போதுதான் குழப்பம். அதற்கு யோபு முதல் அதிகாரத்தை விட நல்ல பாடம் கிடையாது. உத்தமனான யோபுவின்மேல் ஒரே நாளில் நான்கு அடிகள்: கொள்ளையடித்த சபேயர், வானத்திலிருந்து விழுந்த அக்கினி, கல்தேயர், பெருங்காற்று. இரண்டு மனிதர் செய்தவை, இரண்டு இயற்கையில் நேர்ந்தவை. இப்போது ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டியிருந்தது என்று கேளுங்கள். சபேயருக்கு மாடும் கழுதையும் வேண்டும். சாத்தானுக்கு யோபு தேவனைத் தூஷிக்க வேண்டும். தேவனோ எல்லை போடுகிறார்: 1:12-ல் அவன்மேல் மாத்திரம் கை நீட்டாதே, 2:6-ல் அவன் பிராணனை மாத்திரம் தப்பவிடு. யோபு “கர்த்தர் எடுத்தார்” என்று சொல்லியும், அவன் தேவனைப்பற்றிக் குறைசொல்லவில்லை என்று 1:22 சான்று தருகிறது. அதற்காகச் சபேயர் நிரபராதிகள் ஆகிவிடவில்லை. தேவனுடைய அனுமதியைக் காட்டி மனிதனின் குற்றத்தை அழிக்கக்கூடாது. மனிதனின் குற்றத்தைக் காட்டி தேவனின் ஆளுகையையும் மறுக்கக்கூடாது. அப்போஸ்தலர் 2:23 சிலுவையைப் பற்றிச் சொல்லும்போது இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது.

கேள்வி: தேவன் படைத்த எல்லாம் “மிகவும் நன்றாயிருந்தது” (ஆதியாகமம் 1:31) என்றால் பிசாசைப் படைத்தது யார்?

பதில்: பிசாசாகப் பிசாசை யாரும் படைக்கவில்லை. பிசாசும் மற்ற பேய்களும் தேவனால் இயல்பில் நல்லவர்களாகப் படைக்கப்பட்டு, தாங்களாகவே தீயவர்களானார்கள் என்று 1215-ல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் அறிக்கையிட்டது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளும் இதில் வேறுபடுவதில்லை. ஆனால் அந்த வீழ்ச்சியை ஒரு முழுக் கதையாக வேதம் சொல்வதில்லை. 2 பேதுரு 2:4, யூதா 6 போன்ற சிறு குறிப்புகளே உள்ளன. பிரசங்கங்களில் அடிக்கடி எடுக்கப்படும் ஏசாயா 14 நேரடியாகப் பாபிலோன் ராஜாவையும், எசேக்கியேல் 28 தீரு ராஜாவையும் பற்றியவை. அவற்றைச் சாத்தானுக்குப் பொருத்துவது பழைய வழக்கம்தான். எனினும் அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பாதீர்கள்.

தீமை தானாக நிற்கும் ஒரு பொருளே அல்ல, நன்மையில் ஏற்பட்ட குறைவு என்றார் பழங்கால சபையின் போதகரான அகுஸ்தீன் (354–430). காயம் ஆறினால் அது உடலை விட்டு வேறெங்கும் போய்க் குடியேறுவதில்லை, இல்லாமல் போகிறது என்பது அவர் காட்டிய உதாரணம். நன்மைக்கும் தீமைக்கும் சமபலமுள்ள இரு ஆதிகள் உண்டு என்ற மானிகேயரோடு சுமார் 9 ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர் அவர்.

கேள்வி: கோபத்தில் வாய்விட்டுவிட்டு “பிசாசு தூண்டிவிட்டான்” என்று சொல்வது சரியா?

பதில்: பாதிதான் சரி. அப்போஸ்தலர் 5-ல் பேதுரு, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவிடம், சாத்தான் உன் இருதயத்தை நிரப்பினதென்ன என்று மூன்றாம் வசனத்தில் கேட்கிறான். அடுத்த வசனத்திலேயே, நீ உன் இருதயத்திலே இப்படிப்பட்ட எண்ணங்கொண்டதென்ன என்கிறான். தூண்டியவன் இருந்தான், பொறுப்பு அனனியாவுடையது.

யாக்கோபு 1:14–15 காட்டும் வரிசை இழுப்பு, இச்சை கர்ப்பந்தரித்தல், பாவம், மரணம். இழுப்பு வந்ததே பாவமென்று நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர். இயேசுவும் சோதிக்கப்பட்டார், பாவமில்லாதவராய் (எபிரெயர் 4:15). தடுக்கவேண்டிய இடம் இழுப்புக்கும் இசைவுக்கும் நடுவில். கோபத்தைப் பொறுத்தவரை பவுல் நேரக்கெடுவே வைத்துவிட்டார்: சூரியன் அஸ்தமிக்குமுன் (எபேசியர் 4:26). பிசாசுக்கு இடங்கொடாமலிருங்கள் என்பது அதற்கு அடுத்த வசனம். இரவு தாண்டி வளர்த்து வைத்த கோபம்தான் அவனுக்குக் கிடைக்கும் இடம்.

கேள்வி: வீட்டில் மாறிமாறி நோய். முன்னோர் பாவம், சாபம் என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து முறிக்கவேண்டுமா?

பதில்: வேண்டாம். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்றும் சொன்னார் (லூக்கா 13:4–5). மூன்று நான்கு தலைமுறை என்ற யாத்திராகமம் 20:5-ஐக் காட்டுவார்கள். அதில் “என்னைப் பகைக்கிறவர்களை” என்ற சொற்களை விட்டுவிட்டுக் காட்டுவதுதான் வழக்கம். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்ற எசேக்கியேல் 18:20-ஐயும் வாசியுங்கள்.

சில துன்பங்கள் நம் செயலின் விளைவுகள் என்பதும் உண்மை (கலாத்தியர் 6:7). ஆனால் அப்படிப்பட்ட காரணம் பெரும்பாலும் நமக்கே தெரிந்ததாக இருக்கும். மூன்றாம் ஆள் தரிசனம் பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. செய்யவேண்டியவை: மருத்துவரைப் பாருங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். யாக்கோபு 5:14-ன்படி சபையின் மூப்பர்களை அழைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள். சாபம் முறிக்கக் காணிக்கை கேட்டால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: தேவனை நம்பாதவர்களிடமும் நன்மை இருக்கிறதே?

பதில்: அதுவும் அவரிடமிருந்தே. தீயோர்மேலும் அவர் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் (மத்தேயு 5:45), எல்லாருக்கும் மழையும் விளைச்சலும் தருகிறார் (அப்போஸ்தலர் 14:17), நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்திலும் அதன் கிரியை எழுதியிருக்கிறது (ரோமர் 2:14–15).

கேள்வி: துக்க வீட்டில் “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்று ஆறுதல் சொல்லலாமா?

பதில்: அடக்கத்தன்று வேண்டாம். ரோமர் 8:28 நடந்ததெல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. அந்த நன்மை குமாரனின் சாயலுக்கு ஒப்பாவது என்று அடுத்த வசனம் விளக்குகிறது. அண்ணன்மார் குழியில் போட்டு, பிறகு யோசேப்பை விற்றபோது அவன் வயது 17. தேவனே என்னை முன்னே அனுப்பினார் என்று அவன் சொன்னபோது (ஆதியாகமம் 45:5) வயது 39. 30-ல் பார்வோனுக்கு முன் நின்றான், பிறகு 7 ஆண்டு செழிப்பு, 2 ஆண்டு பஞ்சம். 22 ஆண்டுகள் கழித்து, பாதிக்கப்பட்டவனே சொன்ன வார்த்தை அது. குழிக்கு மேலே நின்ற அண்ணன்மார் அதைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்ததுவரை சரியாகவே செய்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபிறகுதான் கெடுத்தார்கள். கடைசியில் தேவன் கோபங்கொண்டதும் அவர்கள்மேல்தான் (42:7). வாசித்தே ஆகவேண்டுமென்றால் 13-ஆம் சங்கீதம், ஆறே வசனங்கள். “எதுவரைக்கும்” என்ற கேள்வி முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை வருகிறது. அதன் கடைசி இரண்டு வசனங்களின் நம்பிக்கைகூடத் தாங்கமுடியாத நிலையில் இருப்பவர்களுக்கு 88-ஆம் சங்கீதம். அது இருளிலேயே முடிகிறது, யாரும் அதைத் திருத்தவில்லை.