சின்ன விமானம் கிளம்பிய உடனே என்ஜின் நின்றுவிட்டால், ஏன் ஓடுபாதைக்கே திரும்பி வரக் கூடாது?

ஓடுபாதை முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறது, திரும்பி வந்து இறங்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செஸ்னா 172 என்ற, ஒரே என்ஜின் கொண்ட நான்கு இருக்கைச் சிறு விமானம் ஓட்டுகிறவன், அதை வைத்தே சொல்கிறேன். போதிய உயரம் இல்லாதபோது திரும்ப நினைப்பது, என்ஜின் நின்றதைவிடப் பெரிய ஆபத்து.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தரையிலிருந்து 500 அடியில் இருக்கிறீர்கள். வேகம் சுமார் 75 நாட் (மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர்), மூக்கு மேல்நோக்கி நிற்கிறது. என்ஜின் நின்றுவிட்டது என்பதை மனசு நம்பவே மூன்று நான்கு விநாடி போய்விடும். அதற்குள் வேகம் சரசரவென்று குறையும். அப்புறம், திரும்புவது என்றால் வெறும் 180 டிகிரி இல்லை. அரைவட்டம் அடித்தால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் இணையாகத்தான் வருவீர்கள். அதன் நேர்க்கோட்டைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் வளைந்து, பிறகு மறுபக்கம் வளைத்து நேராக்க வேண்டும். மொத்தம் 270 டிகிரி அளவுக்கு வரும். விநாடிக்கு 3 டிகிரி என்ற நிதானமான திருப்பத்தில் அது 90 விநாடி. என்ஜின் இல்லாத 172 நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 அடி இறங்கும். ஆக ஆயிரம் அடிக்கு மேல் வேண்டும், கையில் இருப்பதோ 500.

சரி, நன்றாகச் சாய்த்து வேகமாகத் திரும்பினால்? நேரம் மிச்சமாகும். ஆனால் 45 டிகிரி சாய்வில் உயரத்தைப் பிடித்துத் திரும்பினால் இறக்கை 1.4 மடங்கு எடையைத் தாங்க வேண்டியிருக்கும். ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், சுமார் 19 சதவீதம் கூடிவிடும். 60 டிகிரியில் 41 சதவீதம். தரை நெருங்குவதைப் பார்த்ததும் கை தானாகவே கன்ட்ரோலைப் பின்னால் இழுக்கும். ஓடுபாதை இன்னும் நேருக்கு வரவில்லையே என்று கால் ரடரை, அதாவது மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் தகட்டின் பெடலை, அமுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு இறக்கை தூக்குவிசை இழந்து சட்டென்று கீழே சாய்ந்து விமானம் சுழல ஆரம்பிக்கும். அதிலிருந்து மீளத் தேவையான உயரம் உங்களுக்குக் கீழே இருக்காது. உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான். அப்படியே திரும்பிவிட்டாலும், எதிர்க்காற்றில் கிளம்பிய நீங்கள் பின்காற்றோடு, கூடுதல் வேகத்தில் தரையைத் தொடுவீர்கள்.

முன்னால் இருப்பது வேலியும் புதருமாக இருந்தாலும், இறக்கை மட்டமாக, கட்டுப்பாட்டோடு, குறைந்த வேகத்தில் போய் இறங்குவது எவ்வளவோ மேல். சாதாரணச் சிறு விமானங்கள் முன்பக்கமாக 9 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 9 மடங்கு, வரையிலான அதிர்விலிருந்து உள்ளே இருப்பவர்களைக் காக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டால், அந்த அளவுக்குள் சீராக நிற்க சுமார் 3 மீட்டர் தூரம் போதும். 160 என்றால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். விமானம் நொறுங்கட்டும், ஆட்கள் நடந்து வெளியே வந்தால் போதும் என்று அந்த நேரத்தில் மனதார நினைக்க முடிய வேண்டும்.

அதனால் முதல் வேலை மூக்கைக் கீழே தள்ளுவது. 172-இல் 65 முதல் 68 நாட் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, நேர் எதிரே, இரண்டு பக்கமும் 30 டிகிரிக்குள் இடம் தேட வேண்டும். நேரம் இருந்தால் எரிபொருள் செலக்டர் (எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வரும் என்பதைத் தேர்வது), கார்பரேட்டர் ஹீட் (கார்பரேட்டரில் படியும் பனியை உருக்குவது), மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) மூன்றையும் ஒருமுறை பார்க்கலாம். தொடுவதற்கு முன் எரிபொருளையும் இக்னிஷனையும் அணைத்து, கதவு இறுகிவிடாதபடி கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தச் சில விநாடிகளில் யோசித்து முடிவெடுக்க முடியாது. கிளம்புவதற்கு முன்பே, எந்த உயரம் வரை நேரே இறங்குவேன், எதற்கு மேல் திரும்புவேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். பயணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூச்சப்பட்டு இதை விட்டுவிடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த ஆள் உயிரை நம்பிக் கொடுத்திருக்கிறார்.

திரும்பும் உயரத்தை யாரோ சொன்ன எண்ணாக வைத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சியாளரோடு 4,000 அடிக்குப் போய், ஏறும் நிலையில் பவரைக் குறைத்து, நான்கு விநாடி சும்மா இருந்து, பிறகு முழுத் திருப்பத்தையும் செய்து எவ்வளவு உயரம் போகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். குறுக்குக்காற்று இருந்தால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே திரும்புவது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். காற்றே உங்களை ஓடுபாதையின் கோட்டுக்குத் தள்ளிக் கொடுக்கும்.